வரப்பில் தூங்கும் குழந்தைக்கும் கோட்டையில் தூங்கும் ஃபைலுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி:

அக்கா, எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். தஞ்சாவூரில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு முடிக்கப்போகிறேன். மே, ஜூனில் எட்டு வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். சென்னையில் குழந்தைப் பராமரிப்புக் கொள்கைக்காகக் குரல் கொடுக்கிற ஒரு தன்னார்வ நிறுவனத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என்று போகிறார்கள். எங்கள் துறையில் ஒரு சார், “பாலிசி என்றால் ஏசி ரூமில் உட்கார்ந்து பேப்பர் புரட்டுகிற வேலை, ஃபீல்டு தெரியாமல் போய்விடும்” என்கிறார். அம்மா நடவு, களை, நூறு நாள் வேலை என்று போகிறவர். “பால்வாடி டீச்சர் வேலை பழகவா மெட்ராஸ் போற?” என்று கேட்கிறார். உதவித்தொகை பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை. என் இங்கிலீஷும் சுமார்தான். போகலாமா, வேண்டாமா?

பதில்:

போங்கள்ம்மா. ஆனால் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள், அது என்னென்ன என்று பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் சார் சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி சரி. பேப்பர் புரட்டுகிற வேலைதான், அதில் சந்தேகமே வேண்டாம். எட்டு வாரத்தில் ஆறு வாரம் உங்கள் கண்ணில் படப்போவது அரசாணையும் பட்ஜெட் அட்டவணையும்தான். ஆனால் அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்றே பார்க்காமல் ஃபீல்டில் வருஷக்கணக்காகச் சுற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள், உழைப்பாளிகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஓடி ஓடி உதவுகிறவர்கள். அடுத்த வருஷமும் அதே தெருவில், அதே பிரச்சினைக்கு, வேறொரு வீட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் அம்மாவையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் நடவுக்குப் போன நாட்களில் உங்களை எங்கே விட்டுவிட்டுப் போனார்? கேட்டிருக்கிறீர்களா? இன்டர்ன்ஷிப்புக்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான், கேளுங்கள். நம் பக்கத்தில் நடவு என்றால் விடிந்தும் விடியாமலும் நாற்றங்காலில் இறங்கி, நாற்றைப் பறித்து, சின்னச் சின்ன முடிகளாக, அதாவது கட்டுகளாகக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் பாதி வயலாவது முடிந்திருக்க வேண்டும். பால்வாடி திறக்கிற நேரத்துக்கு அம்மாமார்கள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருப்பார்கள். அப்போது இரண்டு வயசுக் குழந்தையை யார் கொண்டுபோய் மையத்தில் விடுவது? பாட்டி இருந்தால் பாட்டி. பாட்டியும் நடவுக்குப் போகிறவர் என்றால் நாலாவது படிக்கிற அக்கா, அதாவது அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அதுவும் இல்லையென்றால் குழந்தையும் வயலுக்குத்தான் வரும். வரப்போரத்தில் ஏதாவது ஒரு மரக்கிளையில் பழைய சேலையில் தூளி. குழந்தை அழுதால் அம்மா கையில் இருக்கிற நாற்று முடியை அப்படியே சேற்றில் குத்திவைத்துவிட்டு, வாய்க்காலில் கையைக் கழுவி, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பால் கொடுக்க உட்காருவார். வரிசையில் அவர் இடம் காலியாகிவிடும், ஆள் கூட்டிவந்தவர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே அடுத்த தடவை கொஞ்ச நேரம் அழவிடுவார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சட்டப் பக்கம் வாருங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்குக் குழந்தை பிறந்தால் 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தோடு விடுப்பு. நல்ல விஷயம், கொண்டாட வேண்டியது. தனியார் கம்பெனியில் மகப்பேறு சலுகை விதிகளுக்குள் வருகிற வேலை என்றால், 2017-இல் வந்த திருத்தத்தின்படி 26 வாரம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமாக இருந்தால் குழந்தைக் காப்பகம், அங்கே ஒரு நாளைக்கு நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதி. நடவாள் பெண்ணுக்கு? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கியது, இப்போது 18,000. அதிலும் பணம் 14,000, மிச்சம் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். தவணை தவணையாக வரும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். அந்தப் பணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, பல வீடுகளில் அதுதான் பிரசவத்துக்குப் பின்னால் அடுப்பெரிய வைத்தது. ஆனால் மூன்று அம்மாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவருக்குக் காலமும் சம்பளமும், இன்னொருவருக்குக் காலமும் காப்பகமும், மூன்றாமவருக்கு ஒரு தொகை, அது தீர்ந்ததும் குழந்தையோடு வரப்பு. இந்த வித்தியாசம் தானாக வந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, அரசாணை எண் உண்டு, கையெழுத்துப் போட்டவர் உண்டு. எந்தக் கையெழுத்து மாறினால் மூன்றாமவரின் நிலைமை மாறும் என்று தேடிக் கண்டுபிடிக்கிற வேலையைத்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு உதாரணம், இதுவும் உங்கள் வீட்டு விஷயம்தான். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் வருஷச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு விதி இருந்தது: வேலை நடக்கிற இடத்துக்கு ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உட்கார வைக்க வேண்டும், அவருக்கும் அன்றைக்குக் கூலி உண்டு. உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், இத்தனை வருஷத்தில் அப்படி ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்தாரா என்று. பார்த்திருந்தால் சந்தோஷம். பார்க்கவில்லை என்றால் அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. விதி இருந்தும் ஏன் நடக்கவில்லை? பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்துக்கு எந்தத் தாயும் குழந்தையைக் கொண்டுவர மாட்டாள், குழந்தை வராததால் ஐந்து என்கிற கணக்குத் தேறாது, கணக்குத் தேறாததால் ஆள் போட மாட்டார்கள். கேட்டால் “இங்கே தேவை இல்லை மேடம்” என்று ஊராட்சியில் பதில் வரும், அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. இந்த முடிச்சு வரப்பில் நின்று பார்த்தால் மட்டும் தெரியாது, சட்டத்தை மட்டும் படித்தாலும் தெரியாது. இரண்டையும் பார்க்கிற ஆள் வேண்டும். நடவுக்காரர் மகள், எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவர், இதற்கு உங்களைவிடப் பொருத்தமான ஆளை அந்த நிறுவனம் சென்னையில் எங்கே போய்த் தேடும்?

பேப்பரால் என்ன ஆகும் என்று உங்கள் சார் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். இன்றைக்கு நாம் பால்வாடி, பால்வாடி என்கிற அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க வெறும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1972-இல், பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வுக்குழு அறிக்கை கொடுத்திருந்தது. அந்தக் குழுவின் தலைவர் மீனா சுவாமிநாதன் (நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனின் மனைவி, ஆனால் அவரை அப்படிச் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை, குழந்தைப் பராமரிப்பில் அவர் தனி ஆளுமை). அப்புறம் 2001-இல், கிடங்குகளில் தானியம் நிரம்பி வழிய மக்கள் பசியில் கிடக்கிறார்கள் என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கு அங்கன்வாடி வரைக்கும் வந்து சேர்ந்தது. 2006 டிசம்பர் 13 உத்தரவு என்ன சொன்னது தெரியுமா? ஒரு கிராமத்திலோ குடிசைப் பகுதியிலோ ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பது பேர் இருந்து, அங்கே மையம் இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். “நீங்களாகப் பார்த்துக் கொடுங்கள் சாமி” என்கிற நிலைமையிலிருந்து “கேட்டால் கொடுத்தாக வேண்டும்” என்கிற நிலைமைக்கு வந்தது ஒரு பேப்பரால்தான். 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, ஆறு மாதம் முதல் ஆறு வயசு வரை அங்கன்வாடி வழியாகச் சாப்பாடு என்பது உரிமையாகவே சட்டத்தில் ஏறிவிட்டது.

கும்பகோணத்தைச் சொல்லாமல் நம் பக்கத்தில் இதைப் பேச முடியாது. 2004 ஜூலை 16. சத்துணவு அடுப்பிலிருந்து கூரைக்குத் தாவிய தீயில் 94 குழந்தைகள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள், அதை முன்வைத்துத் தொடுத்த வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நாட்டில் உள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் தீப்பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. சமையலறை எங்கே இருக்க வேண்டும், வாசல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதெல்லாம் சலிப்பூட்டுகிற விவரம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், நீங்கள் எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், போதும்.

சரி, அங்கே போய் உட்கார்ந்து என்ன செய்வீர்கள்? கூட்டக் குறிப்பு எடுப்பது, செய்தித்தாள் நறுக்குகளை அடுக்குவது, அட்டவணை நிரப்புவது, எம்.எல்.ஏ.வுக்குக் கொடுக்க இரண்டு பக்கக் குறிப்பு தயாரிப்பது. சில நாள் போர் அடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் இரண்டு கலையை அங்கே கற்றுக்கொள்ளாமல் திரும்பாதீர்கள்.

ஒன்று, அரசாணை படிக்கிற கலை. எல்லோரும் நடுவில் இருக்கிற ஆணையை மட்டும் படிப்பார்கள். நீங்கள் மேலே “படிக்கப்பட்டது” என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன்னால் வந்த ஆணைகள், இயக்குநர் எழுதிய கடிதங்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும், இந்த விஷயத்தை யார் எப்போது கிளப்பினார்கள் என்று அதில் தெரிந்துவிடும். அப்புறம் நேராகக் கடைசிப் பக்கம் போங்கள். நகல் யார் யாருக்கு என்று போட்டிருக்கும். அதில் பெயர் இல்லாத அலுவலகம் அந்த ஆணையை நிறைவேற்றாது, “எங்களுக்கு வரவில்லை” என்று சொல்லிவிடும். குழந்தைக் காப்பகம் பற்றிய ஓர் ஆணையில் ஊரக வளர்ச்சித் துறைக்கு நகல் இல்லை என்றால் ஊராட்சி அதைத் தொடாது, அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு, பட்ஜெட் படிப்பது. சமூக நலத்துறை மானியக் கோரிக்கை வரும்போது சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைப்பார்கள், தமிழிலும் கிடைக்கும், அரசு இணையதளத்திலேயே இருக்கும். அதைப் போகும் முன்பே படித்துவிடுங்கள். எண்களில் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று மூன்று இருக்கும். மேடையில் அறிவிக்கிறது முதலாவது, நடந்தது மூன்றாவது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால், எந்த அறிக்கையைப் பார்த்தாலும் உங்கள் கை தானாக அங்கே போகும்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவாவது உங்கள் பெயரில் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அவ்வளவுதான் செலவு. பதில் வர முப்பது நாள் என்பதால் முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும், ஆறாவது வாரத்தில் போட்டால் பதில் வரும்போது நீங்கள் தஞ்சாவூரில் இன்டர்னல் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

இங்கிலீஷுக்குப் பயப்படாதீர்கள். அரசாணையில் வருகிற இங்கிலீஷ் ஒரே மாதிரி நாற்பது ஐம்பது சொற்றொடர்தான், ஒரு மாதத்தில் பழகிவிடும். ஆனால் பால்வாடி ஆயாவிடம் அவர் பேச்சில் பேசி, “கேஸ் சிலிண்டர் எப்ப வந்துச்சு”, “காய்கறிக்குக் குடுக்குற காசு பத்துதா” என்று கேட்டு உண்மையான பதில் வாங்க முடியுமே, அது அங்கே இருக்கிற பலருக்கு வராது.

அடுத்து, என்ன தலைப்பில் வேலை செய்வது. “தமிழ்நாட்டில் குழந்தைப் பராமரிப்பின் நிலை” மாதிரி ஒன்றை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். எட்டு வாரத்தில் அது விக்கிபீடியா கட்டுரையாகத்தான் முடியும். சின்னதாக, கூர்மையாக, பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை நீங்களே கொண்டுபோங்கள். என்னைக் கேட்டால்: நடவு காலத்தில் டெல்டாவில் அங்கன்வாடி திறக்கும் நேரத்தை முன்னால் தள்ள முடியுமா? தமிழ்நாட்டில் ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேல் மையங்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரம். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கிறது என்றால் அடுத்த சில வாரங்களில் குறுவை நடவு ஊரெல்லாம் நடக்கும், பம்புசெட் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே முடித்திருப்பார்கள், அப்புறம் சம்பா, தாளடி. ஆக எந்த வாரங்களில் எந்த ஒன்றியத்தில் அம்மாமார்கள் விடியற்காலையில் வயலில் இருப்பார்கள் என்று வேளாண்மைத் துறைக்கே தெரியும். அந்த வாரங்களில் மட்டும் காலை ஆறு, ஆறரைக்குத் திறக்க என்ன வேண்டும்? யார் உத்தரவு போட வேண்டும், இயக்குநரா, கலெக்டர் மட்டத்திலேயே முடியுமா? பணியாளருக்குக் கூடுதல் நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது?

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு அறிக்கை எழுதினால் எனக்குக் கோபம் வரும். அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு 2018 அக்டோபர் முதல் நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநில அரசு அதன் மேல் சேர்த்துக் கொடுக்கிறது, இருந்தாலும் மதிப்பூதியம் என்றுதான் பெயர். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு 2022 ஏப்ரல் வரை ஆனது. இந்த நிலையில் இருக்கிறவரிடம் போய், “நீ இன்னும் இரண்டு மணி நேரம் முன்னால் வா” என்று எழுதுவதற்குப் பெயர் கொள்கை இல்லை. ஒரே ஆள் இரண்டு மையத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிற ஊர்கள் இருக்கின்றன, எடை போட்டதைச் செல்போனில் ஏற்றுகிற வேலை தனி. இதையெல்லாம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இந்தத் தலைப்பில் இன்னொன்றும் இருக்கிறது, நம் பக்கத்தில் மட்டும் கூடுதலாகக் கனக்கிற விஷயம். தண்ணீர். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும்போது ஊரே சந்தோஷப்படும், நடக்கப் பழகுகிற குழந்தைக்கு அது வீட்டு வாசலிலிருந்து பத்தடியில் இருக்கும். பெரியவர்கள் எல்லோரும் வயலில் இருக்கிற காலை நேரம்தான் ஆபத்தான நேரம். உலக சுகாதார நிறுவனம் 2014-இல் நீரில் மூழ்குவதைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் சொன்ன முக்கியமான வழிகளில் ஒன்று, பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்குத் தண்ணீரிலிருந்து தள்ளி, ஆள் பார்த்துக்கொள்கிற இடம். வங்கதேசத்தில், நம்மைப் போலவே வீட்டைச் சுற்றிக் குளமும் வாய்க்காலுமாக இருக்கிற கிராமங்களில், காலையில் சில மணி நேரம் நடக்கும் காப்பகங்கள் சின்னக் குழந்தைகளின் மூழ்கிச் சாவைப் பெருமளவு குறைத்தன. காப்பகம் என்றாலே சத்துமாவு, பாட்டு, படம் என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். உயிர்க்காப்பு என்று பேசினால் கேட்கிற அதிகாரியின் காது வேறு மாதிரி திறக்கும்.

கிளம்புகிறதுக்கு முன்னால் ஊரில் செய்ய வேண்டியது: மே 1 கிராமசபைக்குப் போய் உட்காருங்கள். அங்கன்வாடி பற்றி ஏதாவது பேசினார்களா, தீர்மான நோட்டில் ஏறியதா என்று மட்டும் பாருங்கள். பக்கத்து மையம் இரண்டுக்குப் போங்கள், வட்டாரத்தில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கல்லூரிக் கடிதத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி நோட்டும் கையுமாக வாசலில் நிற்காதீர்கள், ஒரு காலைப் பொழுது தரையில் உட்கார்ந்து பாருங்கள். குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டாம். “எல்லாரும் எடுக்குறாங்களே” என்று டீச்சரே சொன்னாலும் வேண்டாம். குறிப்பில் பெயர் எழுதாமல் வயசும் தெருவும் எழுதினால் போதும்.

இப்போது எழுத்தில் வாங்க வேண்டியது. உதவித்தொகை பற்றி அவர்கள் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. ஊர் ஊராகப் போய் உழைப்புக்கு நியாயக் கூலி வேண்டும் என்று பேசுகிற நிறுவனங்கள் சில, தங்கள் ஆபீசில் இன்டர்னை எட்டு வாரம் சும்மா வேலை வாங்குகின்றன, எனக்கு இதில் ரொம்ப நாளாகவே எரிச்சல். இப்படி எழுதலாம், தமிழிலேயே எழுதுங்கள்:

“வணக்கம். இன்டர்ன்ஷிப்புக்குத் தேர்வு செய்ததற்கு நன்றி. வருவதற்கு விருப்பம். உதவித்தொகை, தங்குமிடம், பயணச் செலவு பற்றித் தெரிந்தால் வீட்டில் முடிவு செய்ய உதவியாக இருக்கும். முதல் மூன்று வாரம் சென்னையில் இருந்து கற்றுக்கொண்டு, நடுவில் மூன்று வாரம் திருவாரூர் மாவட்டத்தில் களவேலை செய்து, கடைசி இரண்டு வாரம் சென்னையில் அறிக்கை எழுத அனுமதி கிடைக்குமா? நடவு கால அங்கன்வாடி நேரம் பற்றி வேலை செய்ய விரும்புகிறேன். எனக்கு வழிகாட்டுபவர் யார், என்னென்ன பொறுப்பு என்பதை ஒரு கடிதமாகத் தந்தால் கல்லூரியில் கொடுக்க வசதி.”

இதில் மூன்று காரியம் நடக்கிறது. சென்னையில் ஹாஸ்டல் வாடகை எட்டு வாரத்திலிருந்து ஐந்து வாரமாகக் குறைந்துவிடும், உங்கள் சார் கேட்கிற ஃபீல்டும் இதற்குள் இருக்கும், நிறுவனத்துக்கும் டெல்டாவில் ஓர் ஆள் கிடைத்த மாதிரி. நல்ல நிறுவனம் என்றால் இந்த மெயிலைப் பார்த்ததும் போன் பண்ணுவார்கள். ஒரு வாரம் கழித்தும் மழுப்பலாகப் பதில் வந்தால், அல்லது வேலை என்ன என்று கேட்டதற்கு “சோஷியல் மீடியா பாத்துக்கலாம்” என்றால், ஒதுங்கிக்கொள்ளுங்கள். கடன் வாங்கிக்கொண்டு போக வேண்டாம், அம்மா தோட்டை அடகு வைத்துப் போகிற அளவுக்கு எந்த இன்டர்ன்ஷிப்பும் பெரிசு கிடையாது. உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, சம்பளம் வாங்காத பயிற்சியாளருக்கும் பொருந்தும், தன்னார்வ நிறுவனத்துக்கும் பொருந்தும். இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடத்துக்கு நீங்கள் போகவே வேண்டாம்.

வேலை கிடைக்குமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களை எடுக்கிறார்கள், பெரும்பாலும் ஒப்பந்தம்தான். 1098 உதவி எண் சார்ந்த வேலைகள், ஆராய்ச்சி நிறுவனங்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பிரிவுகள் இருக்கின்றன. எட்டு வாரச் சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள். நீங்கள் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பை மேஜையில் வைத்தால் பேச்சு வேறு மாதிரி போகும், அதனால் உங்கள் பெயர் போட்ட ஏதாவது ஒன்று கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடலாம்.

அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. “பால்வாடி டீச்சர் வேலை” என்று அவர் சொன்னது உங்களுக்குக் குறைவாகப் பட்டிருந்தால், முதலில் அதை விட்டுவிடுங்கள், டெல்டாவில் எத்தனையோ குழந்தைகளுக்கு முதல் எழுத்தும் மதியச் சோறும் அந்த டீச்சர் கொடுத்ததுதான். பால்வாடியை நடவு நேரத்துக்குத் திறக்க வைக்க முடியுமா என்று பார்க்கப் போகிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து நடவுக்குப் போகிற அம்மா யாரும் இதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். “முடியுமா அது?” என்று மட்டும் கேட்பார். எத்தனை மணிக்குத் திறந்தால் சரியாக இருக்கும், கைக்குழந்தையை யாரிடம் நம்பி விடுவீர்கள், தெருவில் யாரைப் போட்டால் மற்ற பெண்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று நீங்கள் அவரிடம் திருப்பிக் கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் அறிக்கைக்கு முதல் பேட்டி அதுதான்.

மெயிலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய கடிதத்தையும் செமஸ்டர் பரீட்சை தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், பரீட்சை நேரத்தில் அவரைப் பிடிக்க முடியாது.